போலோ ஜிடி டிஎஸ்ஐ: பாக்ஸா, ரீமேப்பா?

காரைக்குடியில் 1.2 லிட்டர் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறீர்கள், இழுவையைக் கூட்ட டியூனிங் பாக்ஸ் என்ற தனிப் பெட்டியைப் போடவா, இன்ஜின் கணினியின் (ஈசியூ) மென்பொருளையே மாற்றி ரீமேப் பண்ணவா என்று கேட்டிருந்தீர்கள். பாக்ஸ் வேண்டாம் நண்பரே. அது பூஸ்ட் அளவை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். பாகங்களை மாற்றாமல் செய்யும் ஸ்டேஜ் 1 ரீமேப் போதும். ஆனால் உங்கள் 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. அது தாங்கும் டார்க் (முறுக்குவிசை) 250 என்எம். கம்பெனி கொடுத்தது 175. நான் என்றால் 220-ஐத் தாண்ட விடமாட்டேன்.

அதற்கு முன் ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள். டர்போ ஹோஸ் கிளிப்பை விரலால் தடவிப் பாருங்கள். என் காரில் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியது, பார்த்தால் பூஸ்ட் கசிவு. ரீமேப் முடிந்ததும் தேவகோட்டை ரோட்டில் சித்திரை மதிய வெயிலில் ஓட்டி, இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) எவ்வளவு பின்வாங்குகிறது என்று லாக் (ஈசியூ பதிவு) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காலைக் குளிரில் எடுத்த லாக்கை நம்பாதீர்கள். அப்புறம், ரீமேப்புக்கு முந்தைய பழைய ஈசியூ ஃபைலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.