கை சுத்தம் மட்டும் போதுமா?

கேள்வி: நான் அரசு ஊழியர், கொள்முதல் குழுவில் உறுப்பினர். என் மனைவி கணக்காளராக வேலை பார்க்கும் நிறுவனமும் டெண்டரில் கலந்துகொள்வதால், என்னை விலகியிருக்கச் சொல்கிறார் மேலதிகாரி. இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. என்னைச் சந்தேகிப்பது நியாயமா?

பதில்: உங்கள் மேலதிகாரி உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். லஞ்சம் வாங்குவோருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. விலகியிருக்கச் சொல்லும் விதியோ, உங்கள் வீட்டு வருமானம் சம்பந்தப்பட்ட ஒன்றில் நீங்களே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்களா என்று மட்டும் பார்க்கிறது. இருக்கிறீர்கள். குடும்பத்தார் பணிபுரியும் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கும் விஷயத்தை ஊழியர் தாமே கையாளாமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இந்தியாவின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-லேயே சொல்லிவிட்டன. 2003-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையும், அரசுப் பணியாளர்கள் தங்கள் வெளிவேலை, முதலீடு, பெரிய பரிசுகள் ஆகியவற்றை அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்ய முயலுமாறு நாடுகளிடம் கோருகிறது.

டெண்டரில் கலந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு நீங்கள் நிரப்பும் மதிப்பெண் தாளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் எண். ஆனால் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் 14 போடுவதா, 16 போடுவதா என்பது உங்கள் பேனா முனையில் இருக்கிறது. அந்த இடத்தில் நேர்மையானவரின் மனமும் அவரறியாமல் சாயக்கூடும். அல்லது சாய்ந்துவிடுவோமோ என்ற அச்சத்திலேயே, தகுதியுள்ள நிறுவனத்துக்குக் குறைத்துப் போட்டுவிடுவார். இரண்டும் அநீதிதான். தோற்ற நிறுவனத்தார் பின்னால் உங்கள் மனைவியின் வேலையைப் பற்றி அறிந்தால், குழுவின் மற்ற உறுப்பினர்கள் மனச்சாட்சியோடு போட்ட மதிப்பெண்களும் உங்களோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

விலகுவதையும் முறையாகச் செய்யுங்கள். டெண்டர் உறை பிரிக்கும் நாளில் எழுந்து வெளியே போய் நிற்பது விலகல் ஆகாது. என்ன வாங்குவது, எந்தத் தகுதி வேண்டும் என்று விவரக்குறிப்பு எழுதிய கட்டத்தில் உங்கள் பங்கு இருந்திருந்தால், அதையும் மறைக்காமல் தெரிவியுங்கள். பல டெண்டர்களின் முடிவு அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. உங்களுக்குப் பதிலாக உங்களுக்குக் கீழே பணிபுரிபவரை அமர்த்தவும் சம்மதிக்காதீர்கள், ஏனெனில் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். இவற்றையெல்லாம் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கடிதமாக எழுதி இன்றே கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.