பூவா, மேயா? ஒரு தட்டு பன்றிக்கறியும் சீன இலக்கணமும்

கேள்வி: திருப்பூரில் ஜிப், பட்டன் மொத்த வியாபாரம் செய்கிறேன். சீனாவில் குவாங்சோ நகரத்து சோங்தா துணிச் சந்தைக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போய் வருவேன். பரம்பரைச் சைவம். மூன்று மாதம் செல்போன் ஆப்பில் சீனம் படித்துவிட்டு, போன தடவை ஓட்டலில் நானே பேசினேன். ‘நான் கறி சாப்பிடுவதில்லை’ என்பதற்கு ‘வோ மேய் ச்சர் ழோவ்’ என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய், பன்றிக்கறி போட்ட சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். என் உச்சரிப்பு தப்பா? இல்லை, கேலி செய்தாரா?

பதில்: உச்சரிப்பும் தப்பில்லை, கேலியும் இல்லை. அந்த அம்மா உங்கள் மேல் இரக்கப்பட்டிருக்கிறார். நீங்கள் அவரிடம் சொன்னது, ‘நான் இன்னும் கறி சாப்பிடலை’. பாவம், ஊர் விட்டு ஊர் வந்த மனுஷன், கறியைக் கண்ணால் பார்த்து நாளாச்சு போல என்று கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தமிழில் ‘சாப்பிடலை’ வேறு, ‘சாப்பிட மாட்டேன்’ வேறு. வினையின் வாலைப் பார்த்தே நமக்குத் தெரிந்துவிடும். சீனத்தில் வினைக்கு வாலே கிடையாது. நான், நீ, அவன், நேற்று, நாளை எதற்கும் சாப்பிடு என்பது ஒரே ‘ச்சர்’தான். வித்தியாசம் முழுக்க அதற்கு முன்னால் வரும் குட்டிச் சொல்லில் இருக்கிறது. ‘பூ ச்சர்’ என்றால் சாப்பிட மாட்டேன், சாப்பிடும் வழக்கமில்லை. ‘மேய் ச்சர்’ என்றால் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்; நேரம் வந்தால் சாப்பிடுவேன். உங்கள் ஆப் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று ஒரே அர்த்தத்தைப் போட்டிருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற குறுக்கு வழி இது: நம்மூர் ‘மேய்’ நினைவிருக்கட்டும். மேய் என்று சொன்னால் மேயத்தான் விடுவார்கள்.

ஆகவே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது ‘வோ பூ ச்சர் ழோவ்’. அதைவிடச் சுருக்கம் ‘வோ ச்சர் சூ’, நான் சைவம். வாக்கிய வரிசையையும் கவனியுங்கள். நாம் சோற்றைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவோம். அவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைச் சொல்வார்கள். இன்ன பண்டம் என்று குறிப்பிடாத இடத்தில் ‘ச்சர் ஃபான்’ என்று ஒரு சோற்றைச் சேர்த்துக்கொள்வதுதான் பழக்கம். நூடுல்ஸ் தின்றாலும் அது ‘ச்சர் ஃபான்’தான்.

உச்சரிப்புக்கு ஒரே ஒரு வார்த்தை. ‘ச்சர்’ரின் கடைசி ர் உருளக் கூடாது, ழ் மாதிரி மடங்கி நிற்க வேண்டும், குரல் மேலேயே நேராக நிற்கட்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ச்சீ’ என்று வாசித்தால் அவர்கள் காதில் ‘ஏழு’ என்று விழும். முப்பது நாளில் சீனம் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் புத்தகங்களில் முக்கால்வாசி ‘ச்சீ’ என்றுதான் போட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கி ‘ஏழு சோறு, ஏழு சோறு’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அதை மறக்கவைக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆகிறது.

பரீட்சை அதைவிட மோசம். சீன மொழித் தேர்ச்சிக்கு எச்எஸ்கே என்று ஒரு பரீட்சை, அதில் முதல் நிலை என்று ஒன்று உண்டு. பழைய பாடத்திட்டத்தில் அதற்கு 150 சொற்கள். ‘ச்சர்’ உண்டு, ‘பூ’ உண்டு, ‘மேய்’ உண்டு; ‘சூ’ கிடையாது. காதால் கேட்டு, கண்ணால் படித்து, சரியான கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம், பேச்சுக்குத் தனிப் பரீட்சை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு வகுப்பு, இதற்குக் கட்டணம்!

இப்போது ‘ல’ என்கிற ஒட்டு. இதில்தான் நம் சைவர்கள் இரண்டாம் தடவை வழுக்குகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘ச்சர் ல’ என்றால் சாப்பிட்டாச்சு. உடனே எல்லோரும் ‘ல’ என்றால் இறந்தகாலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை. வாக்கியக் கடைசியில் ‘ல’ வந்தால் நிலைமை மாறிவிட்டது என்று அர்த்தம். ‘பூ ச்சர் ல’ என்றால் ‘போதும், இனி வேண்டாம்’. விருந்தில் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அப்போது இது உதவும். ஆனால் ‘வோ பூ ச்சர் ழோவ் ல’ என்று சொல்லிவிட்டீர்களோ, ‘முன்னே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்’ என்றாகிவிடும். எப்போது விட்டீர்கள், கொலஸ்ட்ராலா, டாக்டர் சொன்னாரா, ஒரு துண்டுதானே என்று ஆரம்பிப்பார்கள். பிறந்ததிலிருந்து சைவம் என்றால் ‘ல’ வேண்டாம். ‘மேய்’யோடும் ‘ல’வை ஒட்டாதீர்கள். ‘மூன்று நாளாகச் சாப்பிடவில்லை’ என்று சொல்லும்போது மட்டும் ஒட்டலாம்; அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

இலக்கணம் சரியாக இருந்தாலும் தட்டு சுத்தமாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். சும்மா ‘ழோவ்’ என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் பன்றிக்கறி. மீன் ‘ழோவ்’ கணக்கில் வராது, முட்டையும் வராது. பீன்ஸ் வறுவலில் கொத்துக்கறி தூவியிருப்பார்கள், கேட்டால் ‘அது வாசனைக்கு’ என்பார்கள். குவாங்சோவில் வெறும் கீரை கேட்டாலும் மேலே பளபளவென்று ஒரு பழுப்புக் குழம்பு ஊற்றி வரும். அது சிப்பியில் செய்தது, பெயர் ‘ஹாவ்யோ’. எனவே ஒவ்வொன்றாக அடுக்குங்கள்: ‘பூ ச்சர் ழோவ், பூ ச்சர் யூ, பூ ச்சர் ஜீதான், பூ யாவ் ஹாவ்யோ.’ கறி, மீன், முட்டை, சிப்பிக் குழம்பு நான்கும் ஒழிந்தன.

‘காபி சாப்பிடுறீங்களா’ என்று கேட்கிற பழக்கத்தில் காபிக்கு ‘ச்சர்’ போடாதீர்கள், அதற்கு ‘ஹ’. கஞ்சியை நம்மைப் போலவே பெரும்பாலும் குடிக்கிறார்கள், மருந்தை நம்மைப் போலவே சாப்பிடுகிறார்கள். அங்கே தைரியமாகத் தமிழை நம்பலாம்.

நம்மைப் போலவே இன்னொன்றையும் சாப்பிடுகிறார்கள்: கமிஷன். ‘ச்சர் ஹுய்கோவ்’. இந்தச் சொல் எந்த முதல் நிலைப் பாடத்திலும் இல்லை, உங்களுக்கு அவசியம் வேண்டியது இதுதான். சந்தை வாசலில் ‘நான் பேசித் தருகிறேன், காசு வேண்டாம்’ என்று ஒட்டிக்கொள்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை ஒரு லேஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். நம் பக்கத்து வியாபாரி ஒருவர் விலை கேட்கச் சொன்னார். கூட வந்த ஆள் சிரித்த முகத்தோடு கடைக்காரியிடம், ‘மீட்டருக்கு ஒரு யுவான் ஏற்றிச் சொல்லு, எனக்கு’ என்றான். அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினாள். நம் ஆள் ‘ரொம்ப நல்ல பையன், காசே வாங்கறதில்லை’ என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கும் அவன் கூட்டிப்போன ஓட்டலில் அவனுக்குப் பங்கு இருந்திருக்கும். உங்களுக்கு ஆள் வேண்டும் என்றால் நாள் கூலி பேசி, காசு கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்பவனை விடவே விடாதீர்கள், அதாவது உள்ளே.

கடைசியாக ஒன்று. சந்தையில் வயதான கடைக்காரர்கள் காலையில் ‘ஸிக் ஜோ ஃபான் மேய்’ என்று கேட்டால் திகைக்காதீர்கள். அது கான்டனீஸ், அந்த வட்டாரத்துப் பேச்சு; அதில் ‘ச்சர்’ரே கிடையாது, ‘ஸிக்’தான் சாப்பிடு. ‘சாப்டாச்சா’ என்று நம்மூரில் கேட்பது போலத்தான், சோறு போட அல்ல. உங்கள் சைவத்தை அங்கே விளக்க வேண்டாம். ‘ஸிக் ஜோ’ என்று சொல்லிவிட்டு ஜிப் விலையைக் கேளுங்கள்.