இருபதாம் ஃபெர்மா எண்ணுக்கு ஆறிலக்கக் காரணி கிடையாது

பாபநாசத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கும் என் மகன் இருபதாம் ஃபெர்மா எண்ணை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறான். அது பகு எண் என்று படித்ததாகச் சொல்கிறான். ஆனால் இரவு முழுவதும் ஓடிய அவனுடைய புரோகிராம் பகா எண் என்கிறது. ப்ராஜெக்ட் சென்டர்காரர் ஆறிலக்கக் காரணி ஒன்றைக் காட்டி, 15,000 ரூபாய் கொடுத்தால் சர்வதேச ஆய்விதழில் போட்டுத் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?"

ஐயா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2-ஐ எடுத்து இருபது முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி, கடைசியில் 1 கூட்டினால் கிடைப்பதே அந்த எண். அதற்கு 3,15,653 இலக்கங்கள். அதன் காரணி எதுவானாலும், 41,94,304-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். ஆகவே ஆறிலக்க எண் எதுவும் அதற்குக் காரணியாக இருக்க முடியாது. அந்த மனிதரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இனி எவர் எந்தக் காரணியைக் கொண்டுவந்தாலும் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஐந்தாம் ஃபெர்மா எண்ணான 4,29,49,67,297-ஐ 641 வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் கண்டார். 2, 4, 16, 256, 65,536 என்று வர்க்கப்படுத்திக்கொண்டே வாருங்கள். 65,536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. அந்த 154-ஐ வர்க்கப்படுத்தினால் 23,716. அதை மறுபடி வகுத்தால் மீதி 640. அதாவது 641-க்கு ஒன்று குறைவு. 1 கூட்டியதும் மீதியின்றி வகுபடுகிறது. இருபதாம் எண்ணுக்கும் இதே வேலையை இருபது முறை செய்தால் போதும்.

அப்படியானால் உங்கள் மகனின் புரோகிராம் ஏன் தவறியது? ஓர் எண் பகா எண்ணானால், 2-ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது (2 என்ற எண்ணைத் தவிர) மீதி 1 வரும் என்பது உண்மைதான். ஆனால் மீதி 1 வந்துவிட்டதாலேயே அது பகா எண் ஆகிவிடாது. ஊரில் எல்லோரும் ராமானுஜன் பெயரோடு சொல்லும் 1729-ஐயே பாருங்கள்: அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலன், இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஃபெர்மா எண்களின் கதை இன்னும் மோசம்: அவை பகு எண்ணானாலும் பகா எண்ணானாலும், 2-ஐ அடிமானமாக வைத்தால் எப்போதும் தேறும். ஏனெனில் அவற்றின் அமைப்பே 2-இன் அடுக்குகளால் ஆனது. வர்க்கப்படுத்திக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் மீதி அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக வரும், அடுத்த வர்க்கத்தில் 1 ஆகும், பிறகு 1-ஆகவே நிற்கும். உங்கள் மகன் ஓர் இரவு செலவிட்டுக் கண்டது இதைத்தான்.

அடிமானத்தை 3 என்று மாற்றச் சொல்லுங்கள். எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, அதில் பாதியை அடுக்காக வைத்து, மீதி அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக வருகிறதா என்று பார்ப்பதே 1877-இல் வந்த பெப்பன் சோதனை; ஃபெர்மா எண்களுக்கு (அவற்றில் மிகச் சிறியதான 3 நீங்கலாக) அது ஐயமின்றித் தீர்ப்புச் சொல்லும். ஜெஃப் யங், டங்கன் பியூல் இருவரும் 1987-இல் இருபதாம் எண்ணைப் பகு எண் என்று நிறுவியது அந்த வழியில்தான். காரணி ஒன்றுகூடத் தெரியாமலேயே ஓர் எண் பகு எண் என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த எண்ணின் அழகே அதுதான்.

இதை வகுப்பில் ஒருவர் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத நேர்ந்திராது. பைண்டிங்கையும் பக்க எண்ணிக்கையையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள், உள்ளே இருக்கும் ஒரு காரணியை வகுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தகைய சென்டர்கள் தஞ்சாவூர் முதல் மயிலாடுதுறை வரை பிழைக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழில் பிள்ளையின் பெயர் பொய்க் காரணியோடு வந்துவிட்டால், பிற்பாடு அதை அழிக்க இயலாது.

தன் முதல் புரோகிராம் ஏன் தவறியது என்பதையே மகன் ப்ராஜெக்டாக எழுதட்டும்.