காசிமேட்டு வெயிலுக்கு எந்த என்டி ஃபில்டர்? கேள்வி பதில்

கே: அண்ணே, சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துல வீடியோ எடுக்கும்போது எல்லாம் வெளுத்துப் போவுது. ஷட்டர ஏத்துனா வலை இழுக்குற கை விட்டு விட்டு தெரியுது.

ப: தம்பி, அதுக்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்த கொறைக்குற கருப்புக் கண்ணாடி. எது வேணும்னு கணக்கே போட்டுரலாம். பளீர் வெயில்ல ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 100, எஃப் 16 (லென்ஸ் ஓட்டை அளவு, நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாவும்) வச்சா ஷட்டர் சுமாரா 1/100. நீ எஃப் 2.8க்கு வந்தா 5 ஸ்டாப் தொறக்குற (ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் ரெண்டு மடங்கு), ஷட்டர் 1/3200க்கு ஓடிரும். ஆனா செகண்டுக்கு 25 ஃப்ரேம் வீடியோல அசைவு இயல்பா தெரிய 1/50தான் வேணும், அப்ப 6 ஸ்டாப் அடைக்கணும், அதான் என்டி64. ஃபில்டர்ல ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்த பாதியாக்கும், என்டி8ன்னா 3 ஸ்டாப், என்டி1000ன்னா 10. டப்பா மேல 0.9, 1.8, 3.0னு போட்டிருந்தா முறையே 3, 6, 10தான், பயந்துராத. லாக்ல (அப்புறமா கலர் திருத்த வசதியா, தட்டையா பதியுற மோடு) எடுக்குறியா, அதோட பேஸ் ஐஎஸ்ஓ, அதாவது அடிப்படை ஐஎஸ்ஓ, 800ன்னா இன்னும் 3 ஸ்டாப் சேத்துக்கோ.

கே: வேரியபிள் என்டி வாங்கலாமா?

ப: சுத்தி இருட்ட கூட்டிக் கொறைக்கலாம், வீடியோவுக்கு வசதி. உள்ள ரெண்டு போலரைசர்தான் (ஒரே தெசைல அதிருற வெளிச்சத்த மட்டும் விடுற கண்ணாடி), ஒண்ண சுத்த சுத்த இருட்டாவும். கடைசி வரைக்கும் சுத்துனா வைட் லென்ஸ்ல வானத்துல பெருக்கல் குறி மாதிரி கருப்பு விழும். அதுக்கு முன்னாடியே நிறுத்திக்கோங்க.

கே: ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும், எது?

ப: வீடியோன்னா என்டி64. மேல கணக்கு இருக்கு.

கே: திருவொற்றியூர் தூண்டில் வளைவுகிட்ட (கடலுக்குள்ள நீளுற கல்லு தடுப்பு) அலைய பனி மாதிரி எடுக்கணும்.

ப: என்டி1000. 1/100ங்கிறது 10 செகண்டா நீளும். ஃபில்டர் மாட்டுறதுக்கு முன்னாடியே ஃபோகஸ் பண்ணி மேனுவலுக்கு மாத்திடுங்க, மாட்டுனப்புறம் கேமரா ஃபோகஸ் கெடைக்காம தடுமாறும். மலிவு ஃபில்டர்ல படம் செவந்தோ பழுப்பாவோ வரும், இன்ஃப்ராரெட் கசியுறதுதான் காரணம், ரா-ல (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) எடுத்தா ஓரளவு சரி பண்ணலாம். உப்புத்தண்ணி தெறிச்சா காய விடாதீங்க, நல்லதண்ணில கழுவிட்டுத் தொடைங்க. அங்க கெழக்கதான் கடல், காலைல சூரியன் நேரா எதிர்ல நிக்கும், என்டி போட்டிருக்கோம்னு வ்யூஃபைண்டர் வழியா அத பாக்காதீங்க. கண்ணு போயிடும்.

கே: எதுக்குண்ணே காச கரியாக்குற? 100 போட்டோ எடுத்து சாஃப்ட்வேர்ல ஆவரேஜ் பண்ணா அதே எஃபெக்ட்.

ப: பாதி சரி. அலைக்கு ஒத்துக்குறேன், நாய்ஸும் (படத்துல வர்ற புள்ளி புள்ளி) கொறையும். ஆனா 1/100ல 100 எடுத்தாலும் மொத்தம் 1 செகண்டு வெளிச்சம்தான், நடுவுல எல்லாம் இடைவெளி, வேகமா ஓடுற மேகம் படி படியா தெரியும்.

கே: ஃபோன்ல லாங் எக்ஸ்போஷர் சூப்பரா வருதே, அப்ப அது?

ப: அதுவும் அதே ஆவரேஜ் வித்தைதான்யா! வேணாம்னா சொன்னேன்? வீடியோவுக்கு அது உதவாது, அவ்ளோதான். எஃப் 22க்கு மூடிட்டா போதும்னு அடுத்து யாராவது கெளம்புவீங்க, டிஃப்ராக்ஷன்ல (சின்ன ஓட்டைல வெளிச்சம் வளைஞ்சு பரவுறது) படம் சொதசொதன்னு ஆயிடும், இப்பவே சொல்லிட்டேன்.

கே: பாஸ், ஒரு ஃபில்டர்னா எது வாங்கலாம்?

ப: மேல ஏறிப் படிங்க பாஸ்.

கே: 67, 77 எம்எம்னு ரெண்டு லென்ஸ் இருக்கு, ரெண்டு செட் வாங்கணுமா?

ப: பெருசுக்கு வாங்கி, சின்னதுக்கு ஸ்டெப்-அப் ரிங் போடுங்க. 67ல வாங்கி 77ல மாட்டுனா படத்தோட மூலை கருக்கும்.

கே: கிரகணத்துக்கு என்டி1000 போதுமா?

ப: போதாது, போதாது, போதாது. சோலார் ஃபில்டர் வெளிச்சத்த லட்சத்துல ஒரு பங்காக்கும், என்டி1000 ஆயிரத்துல ஒண்ணுதான். இன்னைக்கு ரெண்டாவது தடவ சொல்றேன்.

கே: ட்ரோனுக்கு எது?

ப: கணக்கு அதேதான். ஆனா ட்ரோன் நம்ம ஏரியா இல்ல, ஓட்டுறவங்கள கேளுங்க. ஹார்பர் பக்கம் பறக்க விடுறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை மேப்ப (ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசு மேப்) பாத்துருங்க.