கணவாய்க்கு அந்தப் பக்கம் 400 ரூபாய் குறைவு

கேள்வி: செங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் தட்டிக் கொடுப்போம். 2014-இல் வாங்கிய கம்ப்யூட்டர். காலையில் ஆன் செய்தால், வந்தவர் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் திறக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக் கருவியைப் போடச் சொல்கிறார்கள். தென்காசியைவிட, கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூரில் மச்சான் விசாரித்த கடையில் 400 ரூபாய் குறைவு. ஆனால் பில் கேட்கக் கூடாதாம். எதை வாங்கலாம், எங்கே வாங்கலாம், நானே மாட்டலாமா?

பதில்: 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், புனலூரில் மச்சான் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த 400 ரூபாயை முதலில் பேசிவிடுவோம். 2017 ஜூலையிலிருந்து கணவாயின் இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி ஒன்றுதான். அப்படியிருக்க பில் இல்லாமல் விலை இறங்குகிறது என்றால் பெரும்பாலும் வரியை விழுங்கியதால்தான். எஸ்எஸ்டிக்கு 3 வருடம், 5 வருடம் என்று வாரண்டி தருகிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க் போலக் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காது, பல சமயம் ஒரு நாள் காலையில் சும்மா காணாமல் போகும். அன்று கையில் இருக்க வேண்டியது, சீரியல் எண் எழுதிய பில். ‘எஸ்டிமேட்’ என்று தரும் துண்டுச்சீட்டு போதாது.

பில்லோடு கொடுத்தால் புனலூரிலேயே வாங்குங்கள், தப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், மலை ஏற வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். ‘கடைக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று யாராவது மடக்கலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான்.

சரி, எதை வாங்குவது? உங்களுடையது போன்ற பழைய கம்ப்யூட்டருக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது பழைய ஹார்டு டிஸ்க் போலவே கேபிளில் இணைக்கும் வகை. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகை வேகமானதுதான், ஆனால் அதைச் செருக 2014 மதர்போர்டில் பெரும்பாலும் இடமே இருக்காது. சாட்டாவின் உச்சம் நொடிக்கு சுமார் 550 எம்பி. உங்கள் பழைய டிஸ்க் 200-ஐத் தாண்டினால் பெரிது, சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடி எடுப்பதில் இன்னும் மெது. அந்த வித்தியாசமே டீ குடிக்கும் நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

மாட்டுவது இரண்டு கேபிள் வேலை: ஒன்று டேட்டா, ஒன்று கரண்ட். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் நிமிர்ந்தோ சாய்ந்தோ எப்படியும் இருக்கலாம். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், டிஸ்க் இணைப்பு முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் புதிதாகப் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் தொடங்கும் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை எடுத்தால் கம்ப்யூட்டர் எழாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, டிடிபிக்காரர்கள் மறப்பது இதைத்தான்: பழைய ஃபாண்டுகளை எல்லாம் தனியாக நகல் எடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கல்யாணப் பத்திரிகையும் பத்திர நகலும் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். இது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது.

அப்புறம் பராமரிப்பு, அது கொஞ்சம்தான். டிஸ்க்கில் சிதறிய கோப்புகளை அடுக்கி வைக்கும் டீஃப்ராக் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள், அது எஸ்எஸ்டியை வீணாகத் தேய்க்கும். எஸ்எஸ்டிக்குத் தேவையான ‘ட்ரிம்’ வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடத்தைக் காலி செய்வதை, விண்டோஸ் வாரம் ஒருமுறை தானே செய்கிறது. அதனாலேயே அழித்த கோப்பை மீட்பது இதில் அநேகமாக நடக்காது. வாடிக்கையாளர் கோப்புகளுக்கு வேறொரு இடத்தில் நகல் கட்டாயம். நூற்றுக்குப் பத்து பதினைந்து பங்கு இடம் காலியாக விடுங்கள். சாரல் மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் யுபிஎஸ் பேட்டரியையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 11-ஐ உங்கள் இயந்திரம் முறைப்படி ஏற்காது. அதனால் பெரிய கொள்ளளவுக்குப் பணம் கொட்ட வேண்டாம், 240 அல்லது 500 ஜிபி போதும். நாளை வேறு கம்ப்யூட்டர் வாங்கினால் இதையே கழற்றி அதில் மாட்டலாம்.

கேள்வி: களியக்காவிளையில் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். மாட்டினால் 223 என்றுதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 107 கோடியே சொச்சமாக எண்ணுகிறது. 500 வாங்கியிருந்தால் 465 காட்டியிருக்கும். உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது: சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி வெளி எஸ்எஸ்டி’ என்று ஆன்லைனில் வரும் டப்பா. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிறைந்த பிறகும் எழுதுவதுபோல் நடித்துக் கோப்புகளைக் கெடுத்துவிடும். அப்படி ஒன்று கையில் இருந்தால் முழுக்க நிரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.