பத்து சதவீதத் தள்ளுபடிக்கு என்ன விலை? சிறுதொழில் கேள்வி பதில்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. விலை, வாடிக்கையாளர், வேலைக்கு இருப்பவர்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், 100க்கு வாங்கி 150க்கு விற்கிறேன். 50 சதவீத லாபம். ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லையே?

பதில்: 50 என்பது அடக்க விலையின் மேல் நீங்கள் வைத்தது. விற்ற பணத்தில் உங்களுக்கு நிற்பது 33 சதவீதம்தான். வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அப்புறம் ஒன்று, உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதியிருக்கிறீர்களா? தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் தொழில் லாபத்தில் ஓடுகிறதா என்பதே தெரியாது. உங்கள் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை எழுதிவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: போட்டிக்காக 10 சதவீதம் தள்ளுபடி போடலாமா? கூட்டம் கூடினால் ஈடுகட்டிவிடலாம் என்கிறார் பார்ட்னர்.

பதில்: பார்ட்னர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். விற்பனை விலை 100, அதில் உங்களுக்கு நிற்பது 30 என்று வைத்துக்கொள்வோம். 10 குறைத்தால் நிற்பது 20. முன்பு 100 உருப்படி விற்றதில் வந்த 3,000 இப்போது வர 150 விற்க வேண்டும். அதே ஆட்கள், அதே இடம், தாங்குமா? இதையே திருப்பிப் போடுங்கள். விலையை 10 கூட்டினால் 40 நிற்கும். 75 உருப்படி விற்றாலே அந்த 3,000 வந்துவிடும். நாலில் ஒரு பங்கு விற்பனை போனாலும் கையைக் கடிக்காது. இந்தக் கணக்கைப் போடாமலே பலர் தள்ளுபடி போர்டு மாட்டிவிடுகிறார்கள்.

தள்ளுபடியிலேயே பழக்கிவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் பெரிய கடைத் தொடரான ஜே.சி.பென்னி 2012-இல் கூப்பன்களையும் அடிக்கடி வரும் தள்ளுபடிகளையும் எடுத்துவிட்டு நிலையான விலைக்கு மாறியது. அந்த ஆண்டிலேயே விற்பனை ஏறக்குறைய 25 சதவீதம் விழுந்தது. 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரியின் பதவி போனது, கூப்பன்கள் திரும்பி வந்தன. அடித்து எழுதிய விலையைப் பார்த்தே வாங்கிப் பழகியவர்களுக்கு, உண்மையாகவே குறைந்த விலையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: விலையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்களே, அண்ணா?

பதில்: ஏன் ஏற்றினீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் இன்னொருவருமாக 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 15 டாலருக்கு விற்ற பனி வாரும் மண்வெட்டியை, பனிப்புயலுக்கு மறுநாள் 20 டாலர் ஆக்குவது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கொள்முதல் விலை கூடியதால் ஏற்றினால் அதே ஆய்வில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். கையில் இருக்கும் ஆர்டருக்குப் பழைய விலையே. காரணம் ஒரு வரி போதும். ரொம்ப மன்னிப்புக் கேட்டால் ஏதோ தப்புச் செய்தது போல ஆகிவிடும்.

கேள்வி: கத்துகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: முடிக்க விடுங்கள். குறுக்கே புகுந்து "அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்று சொன்னால், அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி. அப்புறம் பொருளைப் பற்றிய பேச்சே இருக்காது. அவர் முடித்ததும் சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னோம், வியாழன் ஆகியும் வரவில்லை, போனையும் யாரும் எடுக்கவில்லை, சரிதானே?" பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். பிறகு, என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை மணிக்குள் என்று சொல்லுங்கள். "பார்க்கிறோம்" என்று மட்டும் வாயில் வரக்கூடாது.

முதலாளி வரட்டும் என்று தள்ளிப்போடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை, மேலாளரைக் கேட்காமலே செலவழிக்க ஊழியர்களுக்கு அதிகாரம் கொடுத்தது பிரபலம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். உங்கள் சராசரி பில் தொகையை வரம்பாக வையுங்கள். அதற்குள் ஊழியர் எடுத்த முடிவைப் பின்னால் குடையாதீர்கள்.

கேள்வி: நிறைய வாங்குகிறவர், ஆனால் ஊழியர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்.

பதில்: இனி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அதையும் நீங்களே சொல்லுங்கள், ஊழியரை விட்டுச் சொல்லவைக்காதீர்கள்.

கேள்வி: தவறு நடந்தால் எங்களிடம் யாரும் வாய் திறப்பதில்லை, சார்.

பதில்: தெரிந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "யார் செய்தது?" என்றால், காரணம் அதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். "எந்த இடத்தில் தவறியது?" என்று கேட்டுப் பழகுங்கள். முதல் ஆள் வந்து சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்றுதான் நடத்துகிறேன். ஆனாலும் ஆட்கள் நிற்பதில்லை.

பதில்: சம்பளம் எந்தத் தேதியில் போகிறது? குடும்பம் என்று சொல்லும் இடங்களில்தான் ஓவர்டைமுக்குக் கணக்கே இருக்காது. நான் பார்த்தவரை அப்படித்தான். ஃபோர்டு தொழிற்சாலையில் 1913-இல் ஓர் இடத்துக்கு ஆண்டில் மூன்று நான்கு ஆட்களை மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. 1914-இல் தினக்கூலி 5 டாலர், 8 மணி நேர வேலை என்று அறிவித்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஃபோர்டு போல நீங்கள் கூலியை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. நேரத்துக்குச் சம்பளம், முன்கூட்டியே எழுதிப் போட்ட வேலை நேரம், கேட்டால் கிடைக்கும் லீவு. இவை சரியாக இருந்தும் போகிறார்கள் என்றால் மறுபடி எழுதுங்கள், வேறு காரணம் தேடுவோம்.