வட்டவிதானையும் விதானையாரும்

கேள்வி: என் மாமியார் யாழ்ப்பாணத்தவர். கிராம சேவகரை 'விதானையார்' என்றுதான் சொல்வார். இங்கே வயல்காரர்கள் 'வட்டவிதானை' என்று ஒருவரைச் சொல்கிறார்கள். இருவரும் ஒருவரா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: ஒருவரல்ல, தங்கச்சி. சொல்லின் வேர் மட்டும் ஒன்று.

வடமொழியில் 'விதான' என்றால் ஒழுங்கு செய்தல், ஏற்பாடு. சிங்களத்தில் அது 'விதானே' என்ற பதவிப்பெயர். நம் வாயில் விதானை. கோயிலில் மேலே கட்டும் விதானம் வேறு வடசொல், தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. யாழ்ப்பாணத்து விதானையார் ஊர்த் தலைமைக்காரர். 1963இல் அந்தப் பதவி போய்க் கிராம சேவகர் வந்தார். உங்கள் மாமியார் பழைய பெயரையே சொல்கிறார், அவ்வளவுதான்.

நம்முடையவர் வயலுக்குரியவர். வட்டை என்றால் தொடர்ந்து கிடக்கும் வயல்வெளி. கல்முனைப் பக்கம் கரைவாகு வட்டை என்கிறோமே, அதுபோல. அங்கே தண்ணீரையும் ஆட்களையும் ஒழுங்குபண்ணுகிறவர் வட்டவிதானை. வயல்காரர்களே அவரைத் தெரிவு செய்வார்கள். கூலியை அறுவடை முடிய ஏக்கர் கணக்கில் நெல்லாக அளப்பது வழக்கம்.

என் மாமா மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தார். விதைப்புக்குக் கடைசி நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள், துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கும் நாள் எல்லாம் போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகும். அதை வயலில் நடத்திக் காட்டுவது மாமாவின் பொறுப்பு. வாய்க்கால் துப்புரவுக்கு வராதவர் வீட்டுக்கு அவரே போய் நிற்பார். கோடையில் குளம் வற்றினால் தண்ணீருக்கு முறை வைப்பார். இரவில் டோர்ச்சோடு இறங்கி மேல்வயல் வக்கடைகளை, அதாவது வரம்பில் தண்ணீர் பாய வெட்டிய வாய்களை, அடைத்து, கடைசி வயலில் தண்ணீர் ஏறும்வரை வரம்பில் காத்திருப்பார். பெரிய வயல்காரரான போடியாரின் வக்கடையாக இருந்தாலும் அடைப்பார். அந்த நேர்மைக்காகத்தான் ஆட்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தார்கள். 'வள முகாமைத்துவம்' என்று இப்போது பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள், ஒரு நாளாவது ஒரு வட்டவிதானையைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சட்டமும் இவர்கள்மேல் கைவைத்திருக்கிறது. 1856இல் ஆங்கில ஆட்சி பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 1958இன் நெற்காணிச் சட்டம் சிங்கள ஊர்களில் 'வெல் விதானே' எனப்பட்ட வயல் விதானைப் பதவியை நீக்கி, பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. அப்புறமும் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் வட்டவிதானை இருக்கிறார். அடுத்த முறை வயற்பக்கம் போனால் அவரிடமே பேசிப் பாருங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.